பழைய கார் ஏன் கொதிக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பாசடர், பிரீமியர் பத்மினி, மாருதி 800 போன்ற பழைய பெட்ரோல் வண்டிகளை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. கணினி கட்டுப்படுத்தும் புதிய வண்டிகளுக்கு இதில் பாதிதான் பொருந்தும்.

சாலையில் போய்க்கொண்டிருக்கும்போதே என்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. உடனே என்ன செய்வது?

ஏசி ஓடினால் நிறுத்துங்கள். ஹீட்டர் இருக்கும் வண்டியென்றால் அதை முழுச் சூட்டில் திறந்துவிடுங்கள். சித்திரை வெயிலில் இது தண்டனைதான், ஆனால் ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்; என்ஜின் சூட்டில் ஒரு பங்கை வண்டிக்குள் இழுத்துக்கொள்ளும். அப்படியே ஓரம் கட்ட இடம் பாருங்கள்.

நிறுத்தியபின் என்ஜினை அணைப்பதா, ஓடவிடுவதா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. நீராவி பீறிட்டு வந்தாலோ, கீழே தண்ணீர் கொட்டியிருந்தாலோ, ஃபேன் பெல்ட் அறுந்திருந்தாலோ அந்த நொடியே அணையுங்கள். இவை எதுவும் இல்லை, முள் மட்டும்தான் ஏறியிருக்கிறது என்றால் ஓரிரு நிமிடம் ஓடவிடலாம். அம்பாசடர் போல ஃபேன் என்ஜினோடு சேர்ந்து சுற்றும் வண்டியில் ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்திப் பிடித்தால் ஃபேனும் வாட்டர் பம்பும் வேகமெடுத்து முள் இறங்குவதைப் பார்க்கலாம். இறங்கவில்லையா, அணைத்துவிடுங்கள்.

ரேடியேட்டர் மூடியை எப்போது திறக்கலாம்?

மேல் ஹோஸைக் கையால் பிடித்து அமுக்க முடிகிறபோது. கை வைக்கவே முடியாத சூடு என்றாலோ, ஹோஸ் கல் போல விறைத்திருந்தாலோ இன்னும் நேரம் ஆகவில்லை. அரை மணி நேரமாவது காத்திருங்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் அழுத்தத்தால் மட்டுமே கொதிக்காமல் அடங்கிக் கிடக்கிறது. மூடியைத் திறந்ததும் அந்த அழுத்தம் போய், தண்ணீர் ஒரே நேரத்தில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். ஆறிய பிறகும் தடித்த துணியை மேலே போட்டு, முதல் தடுப்பு வரை மட்டும் திருப்பி, சீற்றம் அடங்கியபின் முழுவதும் திறங்கள்.

ஆறுவதற்குள் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் சீக்கிரம் தணியாதா?

தணியும். கூடவே என்ஜினின் மேல்பாகமான ஹெட்டோ, சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கோ விரிசல் விடவும் கூடும். அடுப்பில் காய்ந்துகொண்டிருக்கும் கண்ணாடிப் பாத்திரத்தில் யாரும் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதில்லை. என்ஜின் நன்றாக ஆறியபின், ஸ்டார்ட் செய்து ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ரேடியேட்டரின் வெளிப்பக்கத்தில் தண்ணீர் தெளிப்பது அந்த அளவு ஆபத்தில்லை; என்ஜின் மேல் தெளிக்க வேண்டாம்.

கோளாறை எங்கிருந்து தேடத் தொடங்குவது?

பானெட்டைத் திறக்கும் முன், வண்டி எப்போது சூடேறுகிறது என்பதை எழுதி வையுங்கள். பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும். இதைக் கேட்காமல் ஸ்பேனரை எடுக்கும் மெக்கானிக்கிடம் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

நெரிசலில், சிக்னலில் நிற்கும்போது மட்டும் ஏறி, வண்டி வேகமெடுத்ததும் இறங்குகிறதா? அப்படியானால் தண்ணீர் சுற்றுவதில் குறையில்லை, காற்றுதான் போதவில்லை. ஃபேனைப் பாருங்கள். 

நேர்மாறாக, ஊருக்குள் ஒழுங்காக இருந்து, நெடுஞ்சாலையில் 80-ஐத் தாண்டியதும் ஏறுகிறதா? அந்த வேகத்தில் காற்றுக்குப் பஞ்சமில்லை. ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், வாட்டர் பம்பின் விசிறி இலைகள் அரித்துப் போயிருக்கலாம், அல்லது கீழ் ஹோஸ் உள்வாங்கிக்கொள்ளலாம். இந்தக் கீழ் ஹோஸ் சமாசாரம் பலருக்குத் தெரிவதில்லை. பம்ப் அதன் வழியாகத்தான் தண்ணீரை உறிஞ்சுகிறது. ரப்பர் தளர்ந்து, உள்ளே இருந்த கம்பிச் சுருளும் துருப்பிடித்துக் கரைந்துவிட்டால், வேகம் கூடும்போது ஹோஸ் ஜூஸ் உறிஞ்சும் குழல் போல ஒட்டிக்கொள்ளும். வண்டியை நிறுத்திப் பார்த்தால் பழையபடி உருண்டையாக இருக்கும். ஒருவர் ஆக்சிலரேட்டரை அழுத்த, மற்றவர் ஹோஸைக் கவனித்தால்தான் பிடிபடும். கவனிப்பவர் சட்டைக் கையையும் துண்டையும் பெல்ட்டிலிருந்து தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும்.

காலையில் ஸ்டார்ட் செய்து ஐந்து பத்து நிமிடத்திலேயே ஏறிவிடுகிறதா? சூடேறியபின் ரேடியேட்டருக்குத் தண்ணீர் போக வழி திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கலாம், தண்ணீர் குறைந்திருக்கலாம், உள்ளே காற்று அடைத்திருக்கலாம். அந்த நேரத்தில் மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் தொட்டுப் பாருங்கள். என்ஜின் கொதிக்கிறது, ரேடியேட்டரோ பச்சைத் தண்ணீர் போலக் குளிர்ந்திருக்கிறது என்றால் தெர்மோஸ்டாட்மேல்தான் முதல் சந்தேகம்.

மலை ஏறும்போது மட்டும் சூடேறுகிறது என்பது இவை எல்லாவற்றிலும் சிக்கலானது. சமவெளியில் தள்ளாடிக்கொண்டே சமாளித்த ஏதோ ஒன்று அங்கே தோற்றுப்போகிறது. பாதி அடைத்த ரேடியேட்டர், தளர்ந்த பெல்ட், செத்த மூடி, தள்ளிப்போன இக்னிஷன் டைமிங் (பிளக்கில் தீப்பொறி விழும் நேரம்) என எதுவாகவும் இருக்கலாம்.

மூடி போயும் போயும் ஒரு தகர மூடி. அதனாலா என்ஜின் கொதிக்கும்?

நானும் அப்படித்தான் நினைத்தேன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது, கல்லாறு தாண்டிச் சில வளைவுகளுக்குள் என் பழைய கார் கொதித்து நின்றது. ஊர் திரும்பி ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பெடுத்து மாட்டினேன். அடுத்த பயணத்திலும் ஏறக்குறைய அதே இடம், அதே நீராவி. கடைசியில், அதே மாதிரி வண்டி வைத்திருந்த எதிர்வீட்டுக்காரரிடம் மூடியை ஒரு நாள் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். முள் நடுவைத் தாண்டவில்லை. வீட்டுக்கு வந்து என் மூடியைத் திருப்பிப் பார்த்தால், அடியில் இருந்த ரப்பர் வளையம் வெயிலில் மறந்துவிட்ட வடகம் போல வெடித்துக் கிடந்தது. ரேடியேட்டர் கடைக்குக் கொடுத்த பணத்தில் அப்படிப் பல மூடிகள் வாங்கியிருக்கலாம்.

கணக்கு இதுதான். கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மூடியின் தலையில் 0.9 (பார்) என்று எழுதியிருந்தால் அந்த அளவு அழுத்தத்தைத் தாங்கும் என்று பொருள்; அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே சுமார் 118 டிகிரி வரை கொதிக்காது. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். 82 டிகிரியில் திறக்கத் தொடங்கும் தெர்மோஸ்டாட் முழுவதும் திறக்க 95-ஐ ஒட்டி ஆகும். அழுத்தம் பிடிக்காத மூடியோடு ஊட்டி போனால், தெர்மோஸ்டாட் முழுக்கத் திறப்பதற்குள்ளேயே தண்ணீர் கொதித்துவிடும். வண்டியில் வேறு எந்தக் குறையும் இல்லாவிட்டாலும்.

மூடியில் இன்னொரு குட்டி வால்வும் உண்டு; என்ஜின் ஆறும்போது பக்கத்து பாட்டிலிலிருந்து கூலண்டை (ரேடியேட்டருக்குள் ஓடும் திரவத்தை) திரும்ப உள்ளே இழுக்க அது வழிவிடும். காலையில் பானெட்டைத் திறந்தால் மேல் ஹோஸ் சப்பிப் போயிருக்கிறதா? அந்த வால்வு அடைத்திருக்கிறது. மூடி வாங்கும்போது பழையதில் எழுதியிருக்கும் அழுத்த எண்ணையே கேட்டு வாங்குங்கள். கூடுதல் எண் நல்லதென்று போட்டால் பழைய ரேடியேட்டரின் ஈயப் பற்று விட்டுப்போகும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்கிறார்களே?

நம் ஊர் சூட்டுக்கு அது தேவையில்லை என்ற பேச்சைக் கேட்காதவர்கள் குறைவு. நான் இதை ஏற்பதில்லை. தெர்மோஸ்டாட்டின் வேலை என்ஜினைக் குளிர்விப்பது அல்ல. சரியான சூட்டுக்குச் சீக்கிரம் கொண்டுவந்து அங்கேயே நிறுத்துவது. அது இல்லாவிட்டால் குறைந்த தூர ஓட்டத்தில் என்ஜின் அரைச் சூட்டிலேயே இருக்கும். எரியாத பெட்ரோல் ஆயிலில் கலக்கும், மைலேஜ் விழும், உள்ளுறுப்புகள் சீக்கிரம் தேயும். அதோடு சில என்ஜின்களில், தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பக்கவழியையும் அது மூட வேண்டும். அங்கே அதைக் கழற்றினால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே என்ஜினுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். சூட்டைக் குறைக்கக் கழற்றியதே சூட்டைக் கூட்டும்.

கழற்றியதும் சூடு தணிந்தால், ஒன்று அந்தத் தெர்மோஸ்டாட் பழுது, அல்லது ரேடியேட்டரின் பலவீனம் தற்காலிகமாக மறைந்திருக்கிறது. எது என்று சமையலறையிலேயே பார்த்துவிடலாம். ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் தொங்கவிடுங்கள். நூலை வால்வின் இடுக்கில் மாட்டித் தொங்கவிடுவது இன்னும் நல்லது: வால்வு திறக்கும்போது நூல் நழுவித் தெர்மோஸ்டாட் கீழே விழுந்துவிடும். பக்கத்தில் 100 டிகிரிக்கு மேல் அளக்கும் வெப்பமானி. அடுப்பைச் சிறுதீயில் வையுங்கள். தெர்மோஸ்டாட்டின் விளிம்பில் 82 அல்லது 88 என்று பொறித்திருக்கும். அதற்கு ஓரிரு டிகிரி முன்பின்னாகத் திறக்க ஆரம்பித்து, கொதி வருவதற்குள் சில மில்லிமீட்டராவது திறந்திருக்க வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதித்தும் அது வாயைத் திறக்கவில்லையா? குப்பையில் போடுங்கள். அந்தப் பாத்திரத்தைச் சமையலுக்குத் திரும்ப எடுக்காதீர்கள், கூலண்ட் நஞ்சு.

ஃபேன் ஓடத்தான் செய்கிறது. பிறகும் ஏன் சிக்னலில் சூடேறுகிறது?

ஓடுவது வேறு, காற்றை இழுப்பது வேறு. ஒரு தாளை ரேடியேட்டரின் முன்பக்கம் வைத்துப் பாருங்கள். பின்னால் இருக்கும் ஃபேன் தாளை ஒட்டவைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். தாள் பறந்துபோனால் மோட்டாரின் வயர்கள் இடம் மாறி ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. மோட்டாரைக் கழற்றி வேலை பார்த்து மாட்டிய வண்டிகளில் இது நடக்கும். 

மாருதி 800 போன்ற மின்சார ஃபேன் வண்டியில் ஃபேன் ஓடவே இல்லை என்றால், சூடேறியதும் ஃபேனை ஓடவைக்கும் சுவிட்சின் வயரைப் பிடுங்கி, சாவியைத் திருப்பி, இரண்டு முனைகளையும் சேருங்கள். ஃபேன் ஓடினால் சுவிட்ச் பழுது. ஓடாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் பாருங்கள். திடீரென்று சுற்ற ஆரம்பிக்கும் என்பதால் விரல் ஜாக்கிரதை.

அம்பாசடரில் பெல்ட்தான் எல்லாம். இரண்டு புல்லிகளுக்கு நடுவே கட்டை விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர், கொஞ்சம் கூடப் போனால் ஒன்றரை. அதற்கு மேல் அமுங்கினால் தளர்வு. பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடி போல மினுமினுத்தால் இறுக்கியும் பயனில்லை, நழுவத்தான் செய்யும். மாற்றுங்கள்.

மெக்கானிக் புது ரேடியேட்டர் போடச் சொல்கிறார். போடலாமா?

முதலில் வெளியே பாருங்கள். பின்னால் ஒரு விளக்கைப் பிடித்து முன்னால் நின்று பார்த்தால் இடுக்குகளில் வெளிச்சம் தெரிய வேண்டும். பூச்சி, மண், வைக்கோல் தூசி அடைத்திருந்தால் பின்பக்கமிருந்து மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். சர்வீஸ் நிலையத்தின் உயர் அழுத்தக் குழாயை நேராகக் காட்டினால் மெல்லிய தகடுகள் மடங்கிப் புது அடைப்பு உண்டாகும். பின்னாளில் ஏசி பொருத்திய வண்டிகளில் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ஒரு சாக்கு அழுக்கு இருக்கும். யாரும் அங்கே எட்டிப்பார்ப்பதே இல்லை.

பிறகு உள்ளே. என்ஜின் நன்றாகச் சூடானபின் அணைத்துவிட்டு, மின்சார ஃபேனின் வயரையும் பிடுங்கிவிட்டு, ரேடியேட்டரின் முகத்தில் கையைச் சற்றுத் தள்ளி வைத்து ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நகர்த்துங்கள். சூடு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சீராகக் குறைய வேண்டும். நடுவில் திட்டுத் திட்டாகக் குளிர்ந்திருந்தால் அங்கே குழாய்கள் அடைத்திருக்கின்றன. அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் இன்னும் துல்லியம். கொரோனாக் காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானி இதற்கு உதவாது. அது காய்ச்சலுக்கு மேல் எண்ணத் தெரியாதது.

பித்தளை, செம்பில் செய்த பழைய ரேடியேட்டரானால் புதியதைவிட அதையே டேங்க் பிரித்து, குழாய்களில் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, திரும்பப் பற்றவைப்பதே என் தேர்வு. நல்ல கையாள் கிடைத்தால் இன்னும் பல ஆண்டு ஓடும். பிளாஸ்டிக் டேங்க் வைத்த அலுமினிய ரேடியேட்டரில் இந்த வேலை நடக்காது, மாற்றுவதுதான் வழி.

போர்த் தண்ணீர் ஊற்றினால் என்ன?

வீட்டுக் குழாயின் வாயில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்புதான் ரேடியேட்டருக்குள்ளும் படியும். மேலே சொன்ன அடைப்புக்குத் தாய் அதுதான். அவசரத்துக்கு ஊற்றலாம், வீடு வந்ததும் வடித்துவிட்டு பேட்டரிக்கு வாங்கும் டிஸ்டில்டு வாட்டரில் கலந்த கூலண்டை ஊற்றுங்கள். கூலண்ட் என்ற பெயர் ஏமாற்றுப் பெயர். சூட்டைச் சுமப்பதில் வெறும் தண்ணீர்தான் கெட்டிக்காரன். கூலண்ட் செய்வது துருவைத் தடுப்பதும், கொதிநிலையைக் கொஞ்சம் உயர்த்துவதும். உறைபனி இல்லாத நம் சமவெளியில் மூன்றில் ஒரு பங்கு கூலண்ட் பொதுவாகப் போதும். கலந்தே விற்கும் கூலண்டில் மறுபடி தண்ணீர் சேர்க்காதீர்கள். டப்பாவைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். தித்திப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும், நக்கினால் செத்துப்போகும்; வடித்ததைத் தெருவில் விடக் கூடாது.

கூலண்ட் குறைந்துகொண்டே போகிறது, தரையில் ஒரு சொட்டும் இல்லை. எங்கே போகிறது?

சூடான என்ஜின்மேல் ஒழுகினால் சொட்டாகும் முன்பே ஆவியாகிவிடும். வெளிறிய தடம் மட்டும் நிற்கும். ஹோஸ் முனைகள், வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளை, பிளாக்கின் தகர மூடிகள் ஆகியவற்றைத் தேடுங்கள். பம்ப் துளையில் கசிவு கண்டால் சீல் போய்விட்டது. ஹீட்டர் உள்ள வண்டியில் முன் இருக்கையின் தரைவிரிப்பையும் தொட்டுப் பாருங்கள். ஈரமும் பிசுபிசுப்பும் இருந்தால் அங்கேதான் ஒழுகல். எங்கும் இல்லையென்றால் அது என்ஜினுக்குள் எரிகிறது.

ஹெட் கேஸ்கெட் போய்விட்டதென்று எப்படி உறுதி செய்வது?

ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடுதான் இந்தக் கேஸ்கெட். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் மோர் போல வெளுத்த குழம்பு. இது பிரபலமான அறிகுறி, ஆனால் குறைந்த தூரமே ஓடும் வண்டியில் வெறும் ஈரத்தாலும் மூடியில் கொஞ்சம் படியும். ஆயில் அளவுக்கோலிலும் அதே நிறம் தெரிந்தால்தான் கவலை. நான் நம்புவது வேறு சோதனை: இரவு முழுதும் ஆறிய என்ஜின், ரேடியேட்டர் மூடி திறந்தபடி, விளிம்பு வரை தண்ணீர். ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் வரும் சில குமிழிகளைப் பொருட்படுத்த வேண்டாம். ஆனால் ஓரிரு நிமிடமாகியும் சோடா பாட்டில் போல விடாமல் குமிழி வந்தால் சிலிண்டரின் புகை தண்ணீரில் கலக்கிறது. மூடியைப் போட்ட நிலையில், தண்ணீர் சூடாகும் முன்பே மேல் ஹோஸ் விறைத்தாலும் அதேதான். பிளக்குகளைக் கழற்றினால் ஒன்று மட்டும் கழுவித் துடைத்தது போலப் பளிச்சென்று இருந்தால், தண்ணீர் குடிக்கும் சிலிண்டர் அது.

கேஸ்கெட் மாற்றும்போது ஹெட்டை லேத்துக்கு அனுப்பித் தளம் பார்க்காமல் மாட்ட விடாதீர்கள். மாருதி 800-ன் ஹெட் அலுமினியம். ஒரு முறை கொதித்தாலே வளையக் கூடியது. தலைமுடித் தடிமன் கோணலே புது கேஸ்கெட்டையும் தின்றுவிடும். அம்பாசடரின் பழைய 1489 சிசி என்ஜினில் ஹெட், பிளாக் இரண்டும் வார்ப்பிரும்பு. பொறுமைசாலி, ஆனால் அதையும் சோதிக்கக் கூடாது.

முள் பொய் சொல்லுமா?

தாராளமாக. வயர் என்ஜின் உடம்பில் உரசினாலே முள் உச்சிக்குப் போகும். சாவியைத் திருப்பியதும், என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே முள் ஏறிவிட்டால் கோளாறு மின்சாரத்தில்தான். பெட்ரோல் முள்ளும் கூடவே கூடுதலாகக் காட்டினால் சில பழைய வண்டிகளில் இருக்கும் மீட்டர் வோல்டேஜ் ஸ்டெபிலைசரைப் பாருங்கள். 

பயப்பட வேண்டிய பொய் இன்னொன்று: தண்ணீர் முழுவதும் கொட்டிப்போனால் சென்சார் காற்றில் நிற்கும், முள் அமைதியாகக் கீழிறங்கும். என்ஜின் வெந்துகொண்டிருக்கும். ஏறியிருந்த முள் சட்டென்று விழுந்து, கூடவே என்ஜின் இழுவையும் குறைந்தால் உடனே நிறுத்துங்கள்.

நீராவி இல்லை, முள் நடுவில்தான் இருக்கிறது. ஆனால் மலை ஏறும்போது என்ஜின் இருமி நின்றுவிடுகிறது.

இது கொதிப்பல்ல. கார்புரேட்டர் வண்டிகளில் பெட்ரோல் பம்பிலோ குழாயிலோ பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்துக்கொள்கிறது. அந்தக் கால அம்பாசடர் ஓட்டுநர்கள் பெட்ரோல் பம்பின்மேல் நனைத்த துணியைச் சுற்றிக்கொண்டு மலை ஏறினார்கள். இன்றும் வேலை செய்யும் வைத்தியம் அதுதான். பெட்ரோல் குழாய் சைலன்சர் பக்கம் போகாமல் தள்ளிக் கட்டுவது நிரந்தர வைத்தியம்.

ரேடியேட்டர், பம்ப், தெர்மோஸ்டாட், மூடி எல்லாம் புதிது. இன்னும் சூடேறுகிறது.

அப்படியானால் சூட்டை வெளியேற்றுவதில் குறையில்லை. என்ஜின் அளவுக்கு மேல் சூட்டை உண்டாக்குகிறது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரைத் தொட்ட பிறகு தொடங்கியதா? டைமிங் பின்தங்கினால் தீ தாமதமாக எரிந்து ஹெட்டையும் எக்ஸாஸ்டையும் காய்ச்சும். டைமிங்கை முன்னே தள்ளும் வாக்யூம் அட்வான்ஸின் குழாயை வாயால் உறிஞ்சிப் பாருங்கள். காற்று தடையின்றி வந்தால் உள்ளே ஜவ்வு கிழிந்திருக்கிறது. கார்புரேட்டரில் பெட்ரோல் குறைத்துக் காற்றைக் கூட்டி மைலேஜ் பிடித்தவர்களும் இதே வினையை அனுபவிப்பார்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் காட்டுங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் பிரேக் பிடித்தபடி ஓடுகிறது, அதை இழுக்கத்தான் என்ஜின் மூச்சு வாங்குகிறது. ஆயில் குறைந்திருந்தாலும் சூடேறும். 

இவற்றுக்கு முன்னால், கூலண்ட் மாற்றிய கையோடு தொடங்கிய தொல்லையா என்று யோசியுங்கள். காற்று அடைத்திருக்கும். வண்டியின் முன்பக்கத்தை மேட்டில் ஏற்றி, மூடியைத் திறந்து, ஹீட்டர் இருந்தால் அதையும் திறந்துவைத்து, என்ஜின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்து, ஹோஸ்களை அமுக்கி அமுக்கி விடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் பெரிய குமிழியொன்று வெளியேறி மட்டம் சட்டென்று இறங்கும். நிரப்பி மூடுங்கள்.

மெக்கானிக்கிடம் போய் என்ன சொல்வது?

“சூடாகிறது” என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி உங்கள் கையில் கொடுத்துவிடுவார். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “அண்ணே, சிக்னலில் நின்றால் ஐந்து நிமிடத்தில் முள் ஏறுகிறது, பைபாஸில் ஓட்டினால் இறங்கிவிடுகிறது. வாரத்துக்கு அரை லிட்டர் கூலண்ட் குறைகிறது. மூடி புதிது. சுவிட்ச் வயரைச் சேர்த்தால் ஃபேன் ஓடுகிறது, தானாக ஓடுவதில்லை.”